வீட்டில் துணி துவைக்கும் இடமும் காய வைக்கும் இடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுவோரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குவோரும் சமையல் மேடையின் நீளத்தையும் பூசையறையின் திசையையும் பல முறை பேசி முடிவு செய்கிறார்கள். துணியை எங்கே துவைப்பது, எங்கே காய வைப்பது என்பது பெரும்பாலும் குடிபுகுந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் குழாயும் வடிகாலும் மின்கம்பிகளும் சுவருக்குள் போய்விட்டிருக்கும். தமிழ்நாட்டின் தட்பவெப்பத்தையும் இங்கே கிடைக்கும் தண்ணீரையும் நாம் உடுத்தும் சேலை வேட்டிகளையும் மனத்தில் கொண்டு, திட்டமிடும் நிலையிலேயே கேட்கப்பட வேண்டிய கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்: இயந்திரத்தையா, துவைக்கும் இடத்தையா, காய வைக்கும் இடத்தையா?

காய வைக்கும் இடத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். துவைப்பது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு இரண்டடிக்கு இரண்டடி இடமும் ஒரு குழாயும் ஒரு வடிகாலும் போதும். காய்வதற்கோ கோடையில் அரை நாளும் மழைக்காலத்தில் இரண்டு நாளும் ஆகின்றன. அந்த நேரம் முழுவதும் பல மீட்டர் நீளத்துக்குக் கொடியும் தடையில்லாத காற்றோட்டமும் தேவைப்படுகின்றன. காய வைக்கும் இடம் உறுதியான பிறகு, ஈரத் துணி நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அதிக தூரம் நடக்காமல் அங்கே போய்ச் சேரும்படி இயந்திரத்தின் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை தாமாகவே சரியாக அமையும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மே மாதத்தை நினைத்துத் திட்டமிடக் கூடாது. மே மாதத்தில் எங்கே போட்டாலும் துணி காய்ந்துவிடும். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. நவம்பரில் தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்யும்போது பள்ளிச் சீருடை எங்கே காயும் என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய வீடுதான் இந்த வகையில் நன்கு திட்டமிடப்பட்ட வீடு.

ஒரு குடும்பத்துக்கு எத்தனை மீட்டர் கொடி தேவைப்படும்?

ஆறு கிலோ துணியைக் கணக்கெடுத்துப் பார்க்கலாம். நான்காக மடித்துப் போட்டால் ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றுக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் கொடி வேண்டும். இரண்டு சேலைக்கு 2.8 மீட்டர். ஐந்து சட்டைகளைக் கொடியில் நேராகப் போட்டால் மூன்று மீட்டர் ஆகும். ஹேங்கரில் மாட்டினால் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மூன்று பேண்ட்டுகளுக்கு ஒன்றரை மீட்டர், மூன்று துண்டுகளுக்கு இரண்டேகால் மீட்டர், உள்ளாடை கைக்குட்டை போன்ற சிறு துணிகளுக்கு இரண்டரை மீட்டர் என்று கூட்டினால், நெருக்கியடிக்காமல் போடுவதற்கு ஏறத்தாழ 12 மீட்டர் தேவைப்படுகிறது.

இந்த எண்ணைத் துணி காய்வதற்கு ஆகும் நாட்களால் பெருக்க வேண்டும் என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாள்தோறும் துவைக்கும் வீட்டில், மழைக்காலத்தில் துணி காய இரண்டு நாள் ஆகுமானால், முதல் நாள் துணி கொடியில் இருக்கும்போதே இரண்டாம் நாள் துணி வந்து நிற்கும். ஆகவே அந்த வீட்டுக்கு 24 மீட்டர் வேண்டும். அவ்வளவும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்பதில்லை. மாடியில் பாதியும் கூரைக்குக் கீழே பாதியுமாக இருந்தால் இன்னும் நல்லது. கொடிகளுக்கு இடையே ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இடைவெளி, அதாவது 25 முதல் 30 செண்டிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிட நெருக்கினால் ஈரக் காற்று இரண்டு துணிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும்; கொடி கூடும், காய்வது கூடாது.

வீட்டின் எந்தப் பக்கம் துணி காய்வதற்கு ஏற்றது?

விடை ஊருக்கு ஊர் மாறும். சென்னையையும் கிழக்குக் கடற்கரை ஊர்களையும் பொறுத்தவரை, தெற்குப் பார்த்த பால்கனிதான் சிறந்தது என்பது எங்கள் முடிவு. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்கிறது. அக்டோபருக்குப் பிறகு நன்றாகத் தெற்கே இறங்கி, டிசம்பர் 21 வாக்கில் நண்பகலிலும் 54 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. வெயில் மிகவும் தேவைப்படும் அந்தக் குளிர் மாதங்களில் தெற்குப் பால்கனிக்குள் அது சாய்வாக உள்ளே வரை விழுகிறது. வடகிழக்குப் பருவக் காற்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மழையை அடித்துக்கொண்டு வருவதால் தெற்குப் பக்கம் ஓரளவு நனையாமலும் தப்பிக்கிறது.

கிழக்குப் பார்த்த இடத்தில் காலை வெயில் கிடைக்கும். விடியற்காலையில் துவைத்துப் போடும் வழக்கமுள்ள வீடுகளுக்கு அது வசதியே. மேற்குப் பக்கத்தில் பிற்பகல் வெயில் கடுமையாக இருப்பதால் துணி விரைவில் காயும், நிறமும் விரைவில் மங்கும். கோயம்புத்தூர், தென்காசி போன்ற ஊர்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மேற்கிலிருந்து பலமான காற்று வீசுகிறது. அங்கே காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் கிளிப் போடாத துணி அடுத்த தெருவில் கிடக்கும், தென்காசிப் பக்கத்தில் சாரலும் சேர்ந்து வரும். இரண்டு பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டத்திலும், பனிமூட்டம் சூழும் உதகை, கொடைக்கானல் பகுதிகளிலும் திசையைவிடக் கூரைதான் முக்கியம்.

மொட்டை மாடியில் கொடி கட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உயிர் பற்றியதை முதலில் சொல்லிவிடுகிறோம். மின்கம்பத்திலோ, அதை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியிலோ, வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைத் தாங்கும் கம்பியிலோ, குழாயிலோ கொடியின் ஒரு முனையைக்கூடக் கட்டக் கூடாது. மின்வாரியம் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் இந்த எச்சரிக்கையைத் திரும்பத் திரும்ப வெளியிடுவதற்குக் காரணம், ஈரத் துணியை உலோகக் கம்பிக் கொடியில் போட்டபோது மின்சாரம் தாக்கி மக்கள் இறப்பது இன்னும் நிற்கவில்லை என்பதே. உறை தேய்ந்த சர்வீஸ் ஒயர் இரும்புக் கம்பியில் ஓரிடத்தில் உரசினாலும் போதும், கொடி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும். மாடியில் நைலான் கயிறோ பிளாஸ்டிக் கயிறோ கட்டுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். வெயிலில் அது நைந்து போகும், அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு பெரிதன்று. மின்கம்பிகள் மாடிக்கு அருகில் செல்லும் பக்கத்தில் எந்தக் கொடியும் வேண்டாம், நீளமான சேலையை உதறுவதும் வேண்டாம்.

கொடியைத் தாங்கும் கம்பங்களுக்காகத் தளத்தைத் துளையிடுவது அடுத்த தவறு. தட்டோடு பதித்த தளத்தில் போடும் ஒவ்வொரு துளையும் நீர்க்கசிவுக்கு வழி. கம்பங்களைக் கைப்பிடிச் சுவரில் பொருத்தலாம், அல்லது கனமான கான்கிரீட் கட்டைகளில் நட்டுத் தளத்தின்மேல் வைக்கலாம். கட்டும்போதே திட்டமிட்டால் கைப்பிடிச் சுவரிலேயே கொக்கிகளைப் பதித்துவிடலாம். மாடியின் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட்டில் கூரை போட்டு, நான்கு பக்கமும் திறந்து விடுவது மிக நல்ல ஏற்பாடு. வெயிலும் காற்றும் உள்ளே வரும், திடீர் மழைக்கு ஓடி வந்து துணி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடலோர ஊர்களில் புயல் காற்று அந்த ஷீட்டைப் பிடுங்காதபடி சட்டத்தோடு இறுகப் பொருத்த வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் மாடியும் இல்லை, ஒரு சிறிய பால்கனிதான் இருக்கிறது. என்ன செய்வது?

மேற்கூரையில் பொருத்தி, கப்பியில் ஏற்றி இறக்கும் குழாய்க் கொடிதான் சிறிய பால்கனிக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. ஆறடி நீளமுள்ள ஆறு குழாய்கள் என்றால் ஏறத்தாழ 11 மீட்டர் கொடி ஆகிறது. துணியோடு மேலே ஏற்றிவிட்டால் கீழே நடமாட இடம் இருக்கும். சடங்குத் தூய்மைக்காகத் தனியே வைக்கும் மடித் துணியை யாரும் தொடாதபடி உத்தரத்தை ஒட்டித் தொங்கும் மூங்கிலில் கோலால் போட்டு உலர்த்திய பழைய வீடுகளின் ஏற்பாடும் இதுதான். காற்று மேலே சூடாக இருப்பதால் அந்த உயரம் உலர்வதற்கும் உதவியது.

இயந்திரத்தில் பிழிந்த ஆறு கிலோ துணி பத்து கிலோ வரை கனக்கும்; கையால் பிழிந்தது அதைவிடவும் கனக்கும். ஆகவே கொக்கிகளைக் கான்கிரீட் கூரையில்தான் பொருத்த வேண்டும், பால்ஸ் சீலிங்கில் பொருத்தக் கூடாது. இழுக்கும் கயிற்றின் முனையைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் சுற்றி வைக்க வேண்டும். பால்கனிக் கம்பிக்கு வெளியே கொடி நீட்டுவதும், ஸ்டூல் போட்டு ஏறித் துணி போடுவதும் வேண்டவே வேண்டாம். கைப்பிடியின் உயரம் தரையில் நிற்பவருக்காகக் கணக்கிடப்பட்டது, ஸ்டூலில் நிற்பவருக்கு அது முழங்கால் உயரம்தான். முகப்புப் பக்கத்தில் துணி தொங்கக் கூடாது என்று சங்கங்கள் விதி வைப்பதுண்டு. வீடு வாங்கும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு, மாடியில் காய வைக்க உரிமை உண்டா என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழை நாட்களில் வீட்டுக்குள் காய வைத்தால் துணி முடை நாற்றம் அடிக்கிறதே, ஏன்?

துணி நெடுநேரம் ஈரமாகவே இருப்பதால்தான். துவைத்த பிறகும் நூலிழைகளில் தங்கும் நுண்ணுயிர்கள், குறிப்பாக மொராக்செல்லா என்னும் பாக்டீரியா, அந்த ஈரத்தில் பெருகி நாற்றத்தை உண்டாக்குகின்றன. வாசனைத் திரவம் ஊற்றி அதை மறைப்பதால் பயனில்லை. ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பதே தீர்வு.

அதற்கு மிகவும் மலிவான வழி நன்றாகப் பிழிவது. நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்த பருத்தித் துணி தன் எடையில் ஏறத்தாழ 70 சதவீத நீரை வைத்துக்கொண்டிருக்கும். 1,400 சுற்றில் அது 50 சதவீதத்துக்கு அருகில் குறையும். ஆறு கிலோ துணியில் இந்த வேறுபாடு ஒரு லிட்டருக்கும் மேல். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும், சுழற்றி வெளியேற்றுவதற்கோ மிகச் சிறிதளவே செலவாகும். ஆகவே மழைக்காலத்தில் துண்டு, பேண்ட் போன்ற தடித்த துணிகளை இரண்டாம் முறை பிழிந்து எடுப்பது வீண் செலவன்று.

அப்படியும் மிஞ்சும் மூன்று லிட்டர் நீர் வீட்டுக்குள் காற்றில்தான் கலக்கும். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கொடி கட்டினால் அந்த நீர் சுவர் மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் பூசணமாகத் தெரியவரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கெடுதல். எதிரெதிரே இரண்டு சன்னல் உள்ள கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, ஸ்டாண்டில் இடைவெளி விட்டுப் போட வேண்டும். வெளிக்காற்றே நனைந்திருக்கும் நாளில், சன்னலைத் திறப்பதைவிட ஏசி ஓடும் அறையில் காய வைப்பது விரைவாக வேலை செய்யும்; ஏசி காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கி வெளியே தள்ளுகிறது.

டிரையர் வாங்கத்தான் வேண்டுமா?

தமிழ்நாட்டில் ஆண்டின் பெரும்பகுதிக்குத் தேவையில்லை. கைக்குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ உள்ள வீட்டிலும், வெயிலே எட்டாத கீழ்த்தள வீட்டிலும் அது நியாயமான செலவு. வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகை, ஹீட்டரால் சூடாக்கும் சாதாரண கண்டென்சர் வகையைவிட ஏறத்தாழ பாதி மின்சாரமே எடுக்கிறது. துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே இயந்திரத்தில் நடக்கும் வகையை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எட்டு கிலோ துவைக்கும் இயந்திரம் ஏறத்தாழ ஐந்து கிலோவைத்தான் உலர்த்தும், மீதித் துணியை வெளியே எடுத்துத்தான் தீர வேண்டும்.

துவைக்கும் இயந்திரத்தை எங்கே வைப்பது நல்லது?

சமையலறையை ஒட்டிய சர்வீஸ் பகுதிதான் முதல் தேர்வு. குளியலறைக்குள் வைத்தால் நீராவியும் தெறிக்கும் தண்ணீரும் மின்பாகங்களைக் கெடுக்கும். திறந்த பால்கனியில் வைத்தால் வெயிலில் பிளாஸ்டிக் பாகங்கள் வெளுத்து நொறுங்கும். முன்பக்கம் திறக்கும் இயந்திரம் 60 செண்டிமீட்டர் அகலமும் 85 செண்டிமீட்டர் உயரமும் கொண்டது. எனவே மேடைக்கு அடியில் போகும், ஆனால் கதவைத் திறந்து குனிந்து எடுக்க முன்னால் ஒரு மீட்டர் வேண்டும். மேற்பக்கம் திறக்கும் இயந்திரத்துக்கு முன்னால் அவ்வளவு இடம் வேண்டாம், ஆனால் மூடி திறக்கும்போது நாலரை அடி உயரத்துக்கு எந்த அலமாரியும் இடிக்கக் கூடாது. முதுகு வலியும் மூட்டு வலியும் உள்ளவர்கள் நடத்தும் வீட்டில், விளம்பரத்தைப் பார்த்து அல்லாமல் அவர்களுடைய உடம்பைப் பார்த்து இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குழாய், வடிகால், மின்சாரம் ஆகியவற்றுக்கு என்ன சொல்லி வைக்க வேண்டும்?

இயந்திரத்துக்கென்று தனிக் குழாய் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கட்டும். வடிகால் வாய் 60 முதல் 100 செண்டிமீட்டர் உயரத்தில் அமைவதே பெரும்பாலான முன்பக்கம் திறக்கும் இயந்திரங்களுக்குப் பொருந்தும். தரையிலேயே விட்டுவிட்டால் நிரப்பும்போதே தண்ணீர் தானாக வடிந்து போகும். தரையில் ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை செண்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, தனித் தரை வடிகாலும் வைக்க வேண்டும். குழாய் ஒரு நாள் கழன்றுகொள்ளும் என்று எண்ணியே இதைச் செய்ய வேண்டும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். கடைசி மாடி வீட்டில் தொட்டி மூன்று மீட்டர் மேலேதான் இருக்கும் என்பதால் அங்கே 0.3 பார்தான் வரும். இயந்திரத்தின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எழுதியிருக்கும்; அதைப் பார்க்காமல் வாங்கினால் தண்ணீர் நிரம்பவில்லை என்ற பிழைக் குறியோடு இயந்திரம் நின்றுவிடும், பிறகு பம்ப் வைக்க வேண்டியதாகும்.

மின்சாரத்துக்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், முறையான எர்த் இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு ஏற்பட்டாலே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் ஆகிய மூன்றும் கட்டாயம். நீட்டிப்பு ஒயரில் இயந்திரத்தை ஓட்டக் கூடாது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. துணியும் இயந்திரமும் கெடுமா?

நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் பெரும்பாலும் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்திருக்கின்றன. அவை சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாக மாறித் துணியில் ஒட்டுவதால் துண்டு விறைத்து, வெள்ளை பழுப்பேறுகிறது. இந்தத் தண்ணீருக்குச் சோப்பைவிட டிடர்ஜென்ட் ஏற்றது. தண்ணீரைச் சூடாக்கும்போது அந்தப் படிவு ஹீட்டரில் ஓடுபோல் படியும் என்பதால், சுடுநீர்த் துவைப்பைத் தேவையான போது மட்டும் பயன்படுத்தி, இயந்திரத்தை அவ்வப்போது படிவு நீக்கும் பொடி போட்டு ஓட்டலாம். தண்ணீரில் இரும்பு இருந்தால் பிளீச்சிங் திரவம் ஊற்றவே கூடாது. அது இரும்பைத் துருவாக்கி மஞ்சள் கறையைத் துணியிலேயே பதித்துவிடும். சம்ப்பில் மழைநீரோ குடிநீரோ சேரும் வீட்டில், இயந்திரத்துக்கு மட்டும் அந்தத் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுப்பது கட்டும்போது சிறு செலவு. பிறகு சுவரை உடைக்க வேண்டும்.

இயந்திரம் இருக்கும்போது துவைக்கும் கல் எதற்கு?

வேட்டிக் கரை, சட்டைக் காலர், மிதியடி, சேறு படிந்த விளையாட்டு உடை ஆகியவற்றைக் கையால் தேய்த்தே தீர வேண்டியிருக்கிறது. மின்தடை நாளும் உண்டு. தரையில் குந்தித் துவைக்கும் பழைய அமைப்பை விட்டுவிட்டு, நிற்பவரின் இடுப்பளவு உயரத்தில், அதாவது 75 முதல் 80 செண்டிமீட்டரில், சற்றே சாய்த்துக் கருங்கல் பதித்து, மேலே ஒரு குழாயும் பக்கத்தில் வாளி வைக்க மேடையும் அமைத்தால் போதும். இடம் இருக்கும் வீட்டில் இதை நீக்கிவிடச் சொல்லும் ஒப்பந்தக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

எதை வெயிலில் போடலாம், எதை நிழலில் போட வேண்டும்?

வெள்ளைப் பருத்தி, துண்டு, படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி ஆகியவை நேர் வெயிலுக்கு உரியவை. சாயம் அழுத்தமான சுங்குடி, கைத்தறிச் சேலைகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் போட வேண்டும். பட்டுத் துணியைக் கிளிப் போடாமல் நிழலில் மட்டுமே உலர்த்த வேண்டும். வெயில் இழையை நைத்துவிடும். எலாஸ்டிக் உள்ள துணியும் நிழலில்தான் நாள்பட உழைக்கும். குழந்தைத் துணியை அந்தி சாய்வதற்குள் எடுத்துவிடு என்று பெரியவர்கள் சொல்வதைப் பின்பற்றுவது நல்லது. மார்கழிப் பனி காய்ந்த துணியையும் மறுபடி ஈரமாக்கிவிடும்.

துவைத்த தண்ணீரைச் செடிகளுக்கு விடலாமா?

முதல் கழுவலின் நீரில் சோடியமும் காரத்தன்மையும் மிகுதி. அது தொடர்ந்து பாய்ந்தால் மண் இறுகும், தொட்டிச் செடிகள் வாடும். கடைசி அலசல் நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம், இடத்தை மாற்றி மாற்றி விடுவது நல்லது. வடிகாலில் ஒரு திருப்பு வால்வு வைத்து, அலசல் நீரைத் தனி டிரம்மில் பிடித்துக் கழிவறைக்கும் வாசல் கழுவுவதற்கும் பயன்படுத்தினால் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கோடை மாதங்களில் பெரிதும் உதவும். அந்த நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. நாற்றம் எடுக்கும், டிரம்மை மூடாமல் விட்டால் கொசுவும் பெருகும்.